சுவரில் ஒரு துளை போடுங்கள், கேபிளைப் பிறகு வாங்கலாம்

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளி ஆசிரியர். அவருடைய கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"ஐயா, ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) தேர்வு எழுதி, காத்திருந்து, ஒருவழியாக வி.யூ.3 அழைப்புக்குறி வந்துவிட்டது. 50 வாட் வி.எச்.எஃப். ரேடியோ செட் வாங்கியிருக்கிறேன். ஆன்டெனா மொட்டை மாடியில், ஜி.ஐ. பைப்பின் உச்சியில். செட் கீழே முன் அறையில். இரண்டுக்கும் நடுவே 30 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள், வீட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறது. போட்டு ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. ரிப்பீட்டர் (பேச்சை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) எனக்கு நன்றாகக் கேட்கிறது. நான் பேசினால் மட்டும் கரகரப்பாக இருக்கிறது, பாதி வார்த்தை விளங்கவில்லை என்கிறார்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.3 காட்டுகிறது, அதனால் ஆன்டெனாவில் குறை இல்லை என்று நினைக்கிறேன். நண்பர் ஒருவர் ஆர்.ஜி.213 போடச் சொல்கிறார். இன்னொருவர் எல்.எம்.ஆர்.400-க்குக் கீழே எதுவும் வேண்டாம் என்கிறார். என் மைத்துனர் கேபிள் டிவி நடத்துகிறார், ஆர்.ஜி.6 ஒரு ரோல் சும்மாவே தருவதாகச் சொல்கிறார். அடுத்ததாக 40 மீட்டர் அலைவரிசைக்கு டைபோல் (கம்பி ஆன்டெனா) ஒன்று கட்டவும் ஆசை. எந்தக் கேபிளை வாங்குவது?"

சார், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது ஆர்.ஜி.58 இல்லை. அந்த 30 மீட்டரும், அந்த 1.3-உம்தான்.

மீட்டரிலிருந்து தொடங்குகிறேன். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது திரும்பி வரும் சக்திக்கு ஓர் அளவுகோல்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, எண் ஏற ஏறத் திரும்புவது கூடும். அது காட்டுவது பொய் இல்லை, ஆனால் அது ஆன்டெனாவைப் பார்க்கவில்லை. கேபிளின் இந்த முனையில் உட்கார்ந்துகொண்டு, மேலே போன சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று எண்ணுகிறது. 30 மீட்டர் ஆர்.ஜி.58, 145 மெகாஹெர்ட்ஸில் போகும்போதே ஏறத்தாழ 5.7 டெசிபல், அதாவது சக்தியில் முக்கால் பங்கு, தின்றுவிடும். ஆன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்புவது வரும் வழியிலும் அதே 5.7-ஐக் கட்டிவிட்டுத்தான் வர வேண்டும். மொத்தம் 11.4. மேலே பாதிச் சண்டை நடந்தாலும் கீழே முணுமுணுப்புதான் கேட்கும். உங்கள் 1.3-ஐ வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், மாடியில் ஆன்டெனா முனையில் உண்மையான எஸ்.டபிள்யூ.ஆர். 3-ஐ நெருங்குகிறது. இன்னும் வேடிக்கை, ஆன்டெனாவையே கழற்றி எடுத்துவிட்டாலும் உங்கள் மீட்டர் 1.7-க்குப் பக்கத்தில்தான் காட்டும்.

இதில் நானே சூடு பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் காவலர்களுக்கு 450 மெகாஹெர்ட்ஸில் செட் வைத்துக் கொடுத்தோம். செலவைக் குறைக்கச் சொன்னார்கள் என்று 40 மீட்டருக்கு ஆர்.ஜி.58 இழுத்திருந்தோம். ஒரு நாள் அங்கிருந்து போன்: பின்வாசலில் இருப்பவருக்குக்கூடக் கேட்கவில்லையாம். மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். 1.1 என்றார்கள். "அப்படியானால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது, செட்டை அனுப்புங்கள்" என்று போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். செட் வந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் நேரில் போய் மேலே ஏறிப் பார்த்தால் ஆன்டெனாவே இல்லை. காற்றில் கழன்று பக்கத்துக் கூரையில் கிடந்தது. கேபிள் முனை மட்டும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. போன சக்தி அத்தனையையும் அந்த 40 மீட்டர் கேபிளே குடித்துவிட்டு, கீழே 1.1 என்று சொல்லிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து 1.1 என்று யாராவது பெருமையாகச் சொன்னால் முதலில் கேபிளின் நீளத்தைத்தான் கேட்கிறேன்.

ஆக, குற்றவாளி கேபிள் மட்டும்தானா, ஆன்டெனாவுக்கும் பங்கு உண்டா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். காசு செலவில்லாத ஒரு வழி சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செட்டையும் ஒரு கார் பேட்டரியையும் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பைக் பேட்டரி வேண்டாம், 50 வாட் செட் முழு சக்தியில் பத்து ஆம்பியருக்கு மேலும் கேட்கும். ஆன்டெனாவிலிருந்து நீளக் கேபிளைக் கழற்றிவிட்டு, பைப் அடி வரை எட்டுகிற அளவுக்கு ஒரு சிறு துண்டுக் கேபிளில் செட்டை மாட்டுங்கள். சக்தியை 10 வாட்டுக்கு இறக்கி வைத்து ரிப்பீட்டரில் பேசுங்கள். கேட்பவர் "வழக்கம்போலத்தான் இருக்கிறது" என்றால், கீழிருந்து நீங்கள் அனுப்பும் 50 வாட்டும் மாடியிலிருந்து அனுப்பும் 10 வாட்டும் ஒன்று என்று அர்த்தம். காகிதக் கணக்குப்படியே 30 மீட்டர் முடிவில் 50 வாட்டில் 13, 14 வாட்தான் மிஞ்சும். "இப்போது தெளிவாக இருக்கிறது" என்று சொன்னால் கேபிள் கணக்கைவிட மோசமான நிலையில் இருக்கிறது, உள்ளே தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு 50 வாட்டுக்கு ஏற்றிப் பாருங்கள். அப்போதும் கரகரப்பு என்றால் ஆன்டெனாவைக் கவனிக்க வேண்டும். அங்கேயே வைத்து மீட்டரையும் பார்த்துவிடுங்கள், இந்த முறை அது காட்டுவதை நம்பலாம்.

"எனக்கு அவர்கள் நன்றாகக் கேட்கிறார்களே, கேபிள் ஒரு வழியில் மட்டுமா தின்னும்?" என்று கேட்பீர்கள். இரண்டு வழியிலும் ஒரே அளவுதான் தின்கிறது. ரிப்பீட்டரின் சிக்னல் உங்கள் செட்டுக்குத் தேவையானதைவிட நிறைய மிச்சத்தோடு வருகிறது, அதில் முக்கால் பங்கை இழந்தாலும் காதுக்குத் தெரியாது. ரிப்பீட்டர் நிற்கும் கோபுரத்தில் இன்னும் பல ஒலிபரப்பிகள் இருக்கும், அதன் காதுக்குப் பக்கத்திலேயே இரைச்சல். அங்கே உங்களுக்கு மிச்சம் இல்லை.

சரி, கேபிளுக்கு வருவோம். உங்கள் 30 மீட்டரை வைத்தே கணக்குப் பார்க்கலாம். 145 மெகாஹெர்ட்ஸில் 50 வாட் அனுப்பினால் நல்ல ஆர்.ஜி.58-இல் சுமார் 13 வாட் மேலே போய்ச் சேரும். ஆர்.ஜி.213-இல் 28. எல்.எம்.ஆர்.400-இல் 35. பின்னால் எப்போதாவது 435 மெகாஹெர்ட்ஸிலும் பேச நினைத்தால் இடைவெளி இன்னும் விரியும்: ஆர்.ஜி.58-இல் 4, 5 வாட், 213-இல் 16, 17, எல்.எம்.ஆர்.400-இல் 27. அதே ஆர்.ஜி.58-ஐ 7 மெகாஹெர்ட்ஸில் போட்டுப் பாருங்கள். 100 வாட்டுக்கு 76 வாட் போய்ச் சேருகிறது. 213 போட்டால் 89. இந்த 76-க்கும் 89-க்கும் உள்ள வித்தியாசத்தை எதிர்முனையில் கேட்கிற மனிதர் எவரும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் "எந்தக் கேபிள் நல்லது" என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. எந்த அலைவரிசை, எத்தனை மீட்டர் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

இந்தக் கணக்கில் நண்பர்கள் இருவரும் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. 30 மீட்டர் ஆர்.ஜி.213 எவ்வளவு இழக்குமோ, ஏறத்தாழ அதே அளவைத்தான் 14 மீட்டர் ஆர்.ஜி.58 இழக்கும். 14 மீட்டருக்கு 213 போட்டால் 50-இல் 38 வாட் மேலே போகும். 30 மீட்டர் எல்.எம்.ஆர்.400-ஐ விட அதிகம். மொட்டை மாடி ஆன்டெனாவுக்கு 30 மீட்டர் ஏன் ஆகிறது என்று யோசித்தேன். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கேபிள் வீட்டைச் சுற்றி வருகிறது. சுவரில் துளை போட வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லையா? ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவருவதற்காக முன்பக்கம் வரை இழுத்தீர்களா? ஆன்டெனாவுக்கு நேர் கீழே மாடியில் ஓர் அறை இருந்தால் செட்டை அங்கே மாற்றுங்கள். முடியாவிட்டால் 16 எம்.எம். துளை ஒன்று போட்டு நேரே இறக்குங்கள். ட்ரில்லர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து சரிவாக இருக்கட்டும், இல்லையென்றால் ஐப்பசி மழை கேபிளைப் பிடித்துக்கொண்டு உங்கள் மேசைக்கே வந்துவிடும். கனெக்டரோடு நுழைக்கலாம் என்று பார்க்காதீர்கள். கேபிளை நுழைத்த பிறகு கனெக்டர் போடுங்கள், சிறு துளையே போதும்.

மைத்துனரின் ஆர்.ஜி.6-ஐப் பற்றி நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அவ்வளவு வெறுப்பு இல்லை. 145-இல் அதன் இழப்பு ஆர்.ஜி.213-க்கு ஏறத்தாழ சமம், விரல் பருமன்கூட இல்லாத கேபிளுக்கு இது பெரிய விஷயம். சிக்கல், அது 75 ஓம் கேபிள். செட்டும் ஆன்டெனாவும் 50 ஓம். நடுவில் 75-ஐப் போட்டால் நீளத்தைப் பொறுத்து செட்டின் கண்ணுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். 1-லிருந்து 2.2 வரை எங்கே வேண்டுமானாலும் தெரியலாம். 2-ஐத் தாண்டினால் பல செட்கள் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். கேபிளின் நீளம் அதற்குள் ஓடும் அலையின் அரை நீளத்துக்கு முழு மடங்காக இருந்தால் ஆன்டெனாவின் 50 ஓம் அப்படியே கீழே தெரியும். ஆர்.ஜி.6-க்கு 145-இல் அந்த அரை நீளம் சுமார் 86 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு முழம். 16 மடங்கு வேண்டுமானால் 13.8 மீட்டர். முதலில் கொஞ்சம் கூடுதலாக விட்டு, மீட்டரைப் பார்த்து விரற்கடை விரற்கடையாக நறுக்கிக்கொண்டு வர வேண்டும். பூக்காரம்மா முழம் போடுவது போல வீசி அளந்தால் ஆகாது. இன்னொரு தொல்லை, ஆர்.ஜி.6-இன் பின்னல் (உறைக்கு அடியில் சுற்றியுள்ள கம்பி வலை) பெரும்பாலும் அலுமினியம், அதில் ஈயம் ஒட்டாது. எஃப் கனெக்டரைப் போட்டு, அதன் மேல் ஒரு மாற்றி (அடாப்டர்) போட வேண்டும். சோதனைக்கும், காது மட்டும் கொடுக்கிற ரிசீவருக்கும் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். நிரந்தரமாக, உப்புக்காற்றில், 50 வாட்டுக்கு என்றால் நான் போட மாட்டேன். நீளம் கணக்கு, மாற்றி, இரண்டு வகைக் கனெக்டர் என்று கெடுவதற்கு இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன.

வேறொன்றும் சொல்லிவிடுகிறேன். கேமரா மாட்டுகிறவர்கள் 'மூணு ப்ளஸ் ஒண்ணு' என்று ஒரு கேபிள் வைத்திருப்பார்கள். அதையும் யாராவது கொடுப்பார்கள். அது எதற்கும் வேண்டாம்.

அப்புறம் எல்.எம்.ஆர்.400. நல்ல கேபிள்தான். 435-இல் நீண்ட தூரம் இழுக்க வேண்டியவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் நடுக்கம்பி ஒற்றைக் கம்பி, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அடிக்கடி வளைந்து நிமிரும் இடத்தில் அதைப் போடக் கூடாது. சுழலும் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் சுழலியைத் தாண்டும் இடத்துக்கு இழைகள் கொண்ட நடுக்கம்பி உள்ள வகையைத்தான் வாங்க வேண்டும். உள்ளே இருப்பது நுரை பிளாஸ்டிக். வெயிலில் சூடேறிய நிலையில் ஒரு மூலையில் கூர்மையாக மடக்கி வைத்தால் நடுக்கம்பி மெல்ல மெல்ல ஒரு பக்கம் நகர்ந்துவிடும். ஆர்.ஜி.213-இன் உள்ளே கெட்டி பாலித்தீன். கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். கடலோரத்தில், முதல் முறையாகக் கனெக்டர் போடப்போகிற ஒருவருக்கு, 14 மீட்டருக்கு நான் எழுதித் தரும் மருந்துச் சீட்டு ஆர்.ஜி.213.

ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஆர்.ஜி. என்பது ரேடியோ கைட் என்பதன் சுருக்கம், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவம் வைத்த பெயர். இன்று அந்தப் பெயரை உறையில் அச்சடிக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. '58 டைப்', '213 டைப்' என்று வருவதில் சிலவற்றில் பின்னல் கொசுவலை போல இருக்கும். கடையில் ஒரு முனையை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். பின்னலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியக் கூடாது, நல்ல கேபிளில் பின்னல் கிட்டத்தட்ட முழுதாக மூடியிருக்கும். 213-இன் நடுவில் ஏழு இழை செம்புக் கம்பி இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் முக்கால் மில்லிமீட்டர். பிளேடால் சுரண்டிப் பாருங்கள். சுரண்ட சுரண்டச் சிவப்பாகவே இருந்தால் செம்பு. வெள்ளை வந்தால் அலுமினியம் அல்லது இரும்பு. பாக்கெட்டில் ஒரு காந்தம் வைத்துக்கொண்டால் எது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆர்.ஜி.58-இல் இது மாறும்: நல்ல வகையில் 19 மெல்லிய இழைகள், மேலே வெள்ளீயம் பூசியிருப்பதால் வெள்ளையாகத்தான் தெரியும், சுரண்டினால் உள்ளே சிவப்பு. இதை அறியாமல் நல்ல கேபிளைப் போலி என்று சண்டை போட்டவரையும் பார்த்திருக்கிறேன். எடையும் ஒரு நல்ல சாட்சி. 213 மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம் இருக்கும். 20 மீட்டர் சுருள் மூன்று கிலோ. மளிகைக்கடைத் தராசில் இரண்டு கிலோவுக்குக் கீழே நின்றால் செம்பு எங்கோ திருடு போயிருக்கிறது.

செம்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. 145 மெகாஹெர்ட்ஸில் மின்சாரம் கம்பியின் உள்ளே போவதில்லை. மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு ஆழத்துக்குள் ஓடிவிடுகிறது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. (ஆர்.ஜி.6-இன் இரும்புக் கம்பி மேல் செம்புப் பூச்சு வி.எச்.எஃப்.-க்குப் போதுமாக இருப்பதும் இதனால்தான்.) பின்னலிலும் அப்படித்தான். அந்த மெல்லிய தோலில் களிம்பு ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நாகையில் அது ஏறாமல் இருப்பதுதான் அதிசயம்.

மீன்பிடிப் படகுகளில் செட் மாட்டிக் கொடுத்த காலத்தில் பழைய கேபிள்களை அறுத்துப் பார்ப்பது எனக்கு வழக்கம். வெளியே உறை புதுசு போல மின்னும். ஆன்டெனா பக்கமிருந்து ஓர் அடி உள்ளே வெட்டினால் பின்னல் கருத்திருக்கும். இரண்டு அடி, மூன்று அடி, அப்போதும் கருப்பு. ஒருமுறை ஏழு மீட்டர் தள்ளி வெட்டிய இடத்திலிருந்தும் கத்தி நுனியில் தண்ணீர் ஒரு சொட்டு நின்றது. பின்னல் விளக்குத் திரி மாதிரி, ஒரு முனையை நனைத்தால் போதும், தானாகவே இழுத்துக்கொண்டு போகும். அப்படி நனைந்த கேபிளைக் காயவைத்துப் பயனில்லை. உங்கள் 58-உம் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டது என்கிறீர்கள். கழற்றியதும் மேல்முனையில் ஓர் அடி வெட்டி உரித்துப் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் பத்திரப்படுத்துங்கள், டைபோலுக்கு ஆகும். கருப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் ஓர் அடி. நாலு அடிக்கு மேலும் அப்படியே என்றால் துணி காயப்போடக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் நுழைவது கனெக்டரில்தான். நாம் எல்லோரும் பயன்படுத்தும் பி.எல்.259 கனெக்டர் மழைக்குச் செய்யப்பட்டது இல்லை, அதற்குள் ரப்பர் வளையம் எதுவும் கிடையாது. ஆன்டெனாவில் 'என்' (N) வகைக் கனெக்டர் இருந்தால் மிகவும் நல்லது. 259 தான் என்றால் மூடுகிற வேலையை நீங்கள் செய்ய வேண்டும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைக்கும், பசை இருக்காது. அதை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். கீழே கேபிளில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றின் மேல் பாதி ஏறி உட்கார வேண்டும், ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிகிற மாதிரி. அதன் மேல் நல்ல கருப்பு பி.வி.சி. டேப் ஒரு சுற்று, வெயிலுக்காக. இந்த டேப்பை இழுக்காமல் சுற்றி முடியுங்கள், இழுத்தால் கோடையில் நுனி பிரிந்து கொடி மாதிரி பறக்கும். சிலிக்கான் அப்புகிறவர்கள் உண்டு. குளியலறைக்குப் போடும் சிலிக்கானில் வினிகர் வாடை வருகிறதே, அது அசிட்டிக் அமிலம். காயும்வரை செம்பை அரிக்கும். அந்த வாடை உள்ளதைக் கனெக்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கேபிளை ஆன்டெனாவிலிருந்து நேராகச் சுவர்த் துளைக்குள் விடாமல், துளைக்கு முன்னால் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலேற்றி நுழையுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போய்விடும்.

கனெக்டருக்கு ஈயம் வைப்பதில்தான் புதியவர்கள் கேபிளைக் கொல்கிறார்கள். 25 வாட் பென்சில் அயர்னை வைத்துக்கொண்டு 259-இன் உடம்பைச் சூடாக்கப் பார்ப்பார்கள். அந்தப் பித்தளைக் கட்டி சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈயம் உருண்டையாக நிற்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் உள்ளே பிளாஸ்டிக் இளகி நடுக்கம்பி பின்னலில் போய் ஒட்டிக்கொள்ளும். 80 அல்லது 100 வாட் அயர்ன், தட்டையான பெரிய நுனி. உடம்பில் உள்ள ஓட்டைகளின் ஓரத்தை முன்பே அரத்தால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். பின்னலுக்கும் முன்பே மெல்ல ஈயம் பூசிவிடுங்கள். சூடு பிடித்ததும் ஈயம் தண்ணீர் மாதிரி ஓட்டைக்குள் இறங்க வேண்டும், ஐந்தாறு விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. அப்புறம் கையால் தொடாமல் ஆறவிட்டு, மல்டிமீட்டரில் நடுக்கம்பிக்கும் உடம்புக்கும் தொடர்பு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஒன்று: வெளிக்கூட்டு மரையை முதலிலேயே கேபிளில் கோர்த்துவிடுங்கள். இத்தனை வருடம் கழித்தும் வருடத்துக்கு ஒருமுறையாவது நான் அதை மறந்துவிட்டு எல்லாம் முடிந்த பிறகு தலையில் கை வைக்கிறேன்.

40 மீட்டர் டைபோலுக்கு வேறு கணக்கு. அங்கே ஆர்.ஜி.58 போதும் என்று மேலே சொன்னேன், இன்னும் ஒரு படி போய், 213 வேண்டாம் என்றே சொல்வேன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் கம்பியின் நடுவில் கேபிள் தொங்கும். பத்து மீட்டர் உயரம் என்றால் 213 ஒன்றரை கிலோ. டைபோல் நடுவில் பள்ளம் விழுந்து, உயரத்தில் கால்வாசி போய்விடும். 58 என்றால் அந்தப் பத்து மீட்டரும் அரைக்கிலோவைத் தொடாது. இங்கே இழப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது, அந்த டைபோலை 14-இலும் பேச வைக்க ட்யூனரைக் கொண்டு முறுக்கும்போதுதான். 40 மீட்டர் டைபோல் 14 மெகாஹெர்ட்ஸில் நடுப்புள்ளியில் கேபிளை ஏற்காது. ட்யூனர் செட்டை ஏமாற்றித் திருப்திப்படுத்தும், சக்தி கேபிளுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடிச் சூடாகப் போய்விடும். 21-இல் அதே டைபோல் தானாகவே ஓரளவு ஒத்துப்போகும். 14 வேண்டுமானால் அதே நடுப்புள்ளியில் இன்னொரு ஜோடிக் கம்பி கட்டிவிடுங்கள். நடுப்புள்ளியில் ஒன்றுக்கு ஒன்று (1:1) பாலன் (balun) என்ற இணைப்புக் கருவி வைப்பதும் நல்லது. இல்லையென்றால் பின்னலின் வெளிப்புறமே ஆன்டெனாவாகி, வீட்டு எல்.இ.டி. பல்புகளின் இரைச்சலை எல்லாம் வாரிக்கொண்டு வரும்.

இடி மின்னலுக்கு ஒரே வார்த்தை. வானம் கறுத்தால் செட்டை அணைப்பது போதாது, கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். ஜி.ஐ. பைப்பைத் தனியாக பூமியில் இறக்கியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் கேபிள் வாங்கும் காசில் முதலில் அதைச் செய்யுங்கள்.

ஞாயிறு மாடிச் சோதனை, வெட்டி உரித்த அந்த ஓர் அடி, நேர் வழியில் டேப் வைத்து அளந்த நீளம். இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள். நீளம் 15 மீட்டருக்குள் வந்து, 435 உங்களுக்கு அவசரம் இல்லை என்றால் 213 வாங்கிவிடலாம். சுவரில் துளை முடியவே முடியாது, 30 மீட்டர்தான் என்றால் உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னதுதான் சரி. பணம் போனாலும் எல்.எம்.ஆர்.400 போடுங்கள்.

73 (ஹாம்களின் விடைபெறும் வாழ்த்து).